நாத்தனார் கடை வாசலில் ஒரு குழி

மே 6
பேருக்குத்தான் நகராட்சி எஞ்சினியர். மழை வந்தால் என் தெருவிலேயே முழங்கால் அளவு தண்ணீர். தெருக்கோடிப் பள்ளத்தில் நாத்தனாரின் தையல் கடை. மிஷினைச் செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்.

இன்று தெருக்கூட்டம். வாசல் சிமெண்டை உடைத்து மழைக்குழி வெட்டுவது நகராட்சியின் வேலை. செடி நட்டு வளர்ப்பது தெருக்காரர்கள் வேலை. "மழை முன்ன மாதிரியா பெய்யுது? ஒரு மாச மழை ஒரே நாள்ல கொட்டுது. மண்ணுக்குள்ள போக வழி விடணும்" என்றேன். ஆளாளுக்கு அடுத்தவர் வாசலைக் காட்டினார்கள். கடைசியில் நாத்தனார்தான் எழுந்தார்.

"என் வாசல்ல முதல்ல வெட்டு. போன வருஷம் யூனிஃபார்ம் துணி நனைஞ்சு ஆர்டரே போச்சு. இந்த மழைக்கும் தண்ணி உள்ள வந்தா கடையைக் காலி பண்ணிடுவேன், சொல்லிட்டேன்."

அவரைப் பார்த்து இன்னும் சிலர் சம்மதித்தார்கள்.

மே 19
குழி வெட்டி, கோரைப்புல் நட்டாயிற்று. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஹார்ன் இல்லாமலே எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினார்.

ஜூன் 11
தலையில் கல்லைப் போட்டுவிட்டார்கள். வேறு யாருமில்லை, எங்கள் அலுவலகமேதான்! சுகாதாரப் பிரிவு ஆட்கள் களை என்று நினைத்து எல்லாவற்றையும் ஒட்ட வெட்டி, மண்ணை மிதித்து இறுக்கி, 'சுத்தம்' செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஒரு கையால நட வைக்கிறீங்க, இன்னொரு கையால வெட்டுறீங்க. நல்லா இருக்கு எஞ்சினியரம்மா."

எஞ்சினியரம்மாவாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாத்தனார்.

ஜூன் 12
சுகாதார மேற்பார்வையாளரிடம் சண்டைக்குப் போனேன். "எங்க கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா மேடம்?" அடுத்த அறைதானே — எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 14
மேற்பார்வையாளரே ஆட்களோடு வந்தார். வேர் பிழைத்திருக்கிறதாம். மண்ணைக் கிளறிவிட்டார்கள். நாத்தனார் எல்லாருக்கும் டீ அனுப்பினார், எனக்குத் தவிர.

ஜூன் 27
தளிர்!

ஜூலை 9
வானம் கறுத்துவிட்டது. இரண்டு முறை குழியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 10
கொட்டித் தீர்த்துவிட்டது. குடையோடு ஓடினேன். குழி நிரம்பி, தண்ணீர் கடைப்படியைத் தொட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். நாத்தனார் துணிக்கட்டை மார்போடு அணைத்தபடி உள்ளே. மேற்பார்வையாளர் மழையிலேயே வந்து, வடிகால் வாயில் அடைத்த இலைகளைக் கையால் அள்ளிப் போட்டார். தண்ணீர் படியிலேயே நின்றது. ஏறவில்லை. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

நாத்தனார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "உள்ள வா, நனையாதே. அவரையும் கூட்டிட்டு வா."

அப்பாடா! வயிற்றில் பாலை வார்த்தார். அழுதுவிட்டேன். டீ எனக்குத்தான் முதலில்.

ஜூலை 18
மீதி வீட்டுக்காரர்களும் இப்போது தங்கள் வாசலைத்தான் காட்டுகிறார்கள்.

மகளின் யூனிஃபார்மை வாங்கக் கடைக்குப் போனேன். நாத்தனார் என்னவோ குள்ளமாகிவிட்டது போலிருந்தது. மிஷின் தரையில் நிற்கிறது.

"செங்கல் எங்கே அண்ணி?"

"வர்றப்ப பார்க்கலையா?"

வெளியே வந்து பார்த்தேன். குழியைச் சுற்றி, தண்ணீருக்கு வழி விட்டு, அவற்றால் கரை கட்டியிருக்கிறார்.