வந்தவருக்கும் ஒரு தட்டு

என் செல்ல வாண்டுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தப் பனிக்காட்டில் காதை மூடிக்கொண்டு, சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். வயசு முப்பதைத் தொடப் போகிறது, இன்னும் என்ன வாண்டு என்று முறைக்காதே. நீ பெரிய பேராசிரியை ஆனாலும் எனக்கு வாண்டுதான்.

போனில் சொல்லாமல் ஏன் பேனாவைத் தூக்கினேன் என்று நினைப்பாய். உங்கள் முகாமில் இருப்பது ஒரே போன், அதுவும் சாப்பாட்டுக் கூடத்தில். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள், நீ ம், ம் என்பாய். இது ம் கொட்டிக் கேட்கிற சங்கதி இல்லை. அதனால் உங்களுக்குச் சரக்கு கொண்டுவரும் விமானத்தின் தபாலில் சேர்க்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

முதலில் சாதாரணச் சேதி. பழைய காய்ச்சல் ஆஸ்பத்திரியைப் பற்றி நான் எழுதும் புத்தகம் பாதியில் நிற்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே செத்தவர்களை எல்லாம் ஓரளவு ஒழுங்கு பண்ணிவிட்டேன், பிழைத்தவர்கள்தான் கைக்கு அகப்படமாட்டேன் என்கிறார்கள். நீ தோண்டி எடுக்கிற பனிக்கட்டிக்குள் அந்தக் காலத்துக் காற்று அடைபட்டுக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு நாள் முழுக்க மனசே சரியில்லை. அதில் என் நோயாளிகளின் இருமலும் இருக்கும் இல்லையா? உன் அம்மா இருந்தால் சிரித்திருப்பாள். ஒருத்தி ஐஸைத் தோண்டுறா, ஒருத்தர் செல்லை வளர்க்கிறார், ஒருத்தி செத்தவங்களைத் துருவுறா, வீட்டில் ஒரு பல்பு மாத்த ஆள் இல்லை என்று தையல் மெஷினில் உட்கார்ந்தபடி சொல்லியிருப்பாள், எனக்குக் காதில் கேட்கிறது.

சரி, சுற்றி வளைத்தது போதும். சொல்ல வேண்டியது உன் அம்மாவைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை உன் அப்பாவின் லேபுக்குக் கொடுத்தார்கள். அவளே கையெழுத்துப் போட்டாள். தாராளமா எடுத்துக்கோங்க, எனக்கு அது ஆகாது என்றாள், நினைவிருக்கிறதா? அடுத்த வருஷம் அவள் போய்விட்டாள். அந்தத் துணுக்கின் செல்கள் போகவில்லை, அப்பாவின் குடுவையில் உயிரோடு இருந்தன. அன்றிலிருந்து உன் அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள், லீவு நாளிலும், அம்மாவுக்குச் சாப்பாடு வச்சுட்டு வந்துடறேன் என்று செருப்பை மாட்டுவதும், நீ பள்ளிக்கூடப் பையோடு அவர் பின்னால் ஓடுவதும் இந்த வீட்டில் வழக்கமாகிப் போனது. செல்லுக்கு ஊற்றுகிற அந்தச் சிவப்புத் தண்ணீர் மஞ்சளானால் அம்மாவுக்குப் பசி என்று எனக்கே நீதான் சொல்லிக்கொடுத்தாய். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு மார்க் எல்லாம் ஒப்பிப்பாயாம். நான் ஒன்றும் சொன்னதில்லை. தாய் இல்லாத பிள்ளை, அதற்கு அப்படி ஒரு இடமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இத்தனை வருஷ உழைப்பைச் சேர்த்து அப்பா இப்போது ஒரு பெரிய கட்டுரை எழுதினார். இந்தக் காலத்தில் ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் செல்லுக்கும் அடையாளச் சான்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் கைரேகை மாறுவதுபோல செல்லுக்கும் உண்டாம். உங்க தங்கச்சி எப்பவும் அவ அடையாளத்தை நிரூபிக்கச் சொன்னா சண்டைக்குத்தான் போவா என்று சிரித்துக்கொண்டேதான் அனுப்பினார்.

ஆண் என்று முடிவு வந்தது, வாண்டு.

சோதனைக்காரர்கள் குப்பியை மாற்றிவிட்டார்கள் என்று திரும்ப அனுப்பினார். மறுபடி ஆண். இன்குபேட்டரில் இருந்த எல்லாக் குடுவையையும், உறைய வைத்திருந்த குப்பிகளையும் ஒவ்வொன்றாக அனுப்பினார். அதே ஆண். யார் அந்த ஆள் என்றும் தெரிந்துவிட்டது. உன் அப்பாவின் லேபிலேயே, இன்குபேட்டரின் பக்கத்துத் தட்டில் இருக்கிறவர்தான். ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் செத்துப்போன ஒரு நோயாளியின் செல், மருந்து சோதிக்கிறவர்கள் எல்லாரும் வைத்திருப்பது. காட்டுச் செடி மாதிரி வளருமாம். எப்போதோ அதில் ஒரு சொட்டு உன் அம்மாவின் குடுவைக்குள் விழுந்திருக்கிறது. உன் அம்மாதான் ஒரு பொத்தான் தைக்க அரை நாள் எடுப்பவளாயிற்றே, அவள் செல்லும் அப்படித்தான் மெதுவாக வளர்ந்தது. இந்த ஆள் சில வாரத்தில் இடத்தையே பிடித்துக்கொண்டார். இரண்டு ஆளின் செல்லை ஒரே மேசையில் திறக்காதே என்று மாணவர்களை விரட்டி விரட்டி அடித்த மனுஷனின் லேபில் இது நடந்திருக்கிறது. யார் கைத்தவறு என்று இனிமேல் தெரியப் போவதில்லை.

எப்போது நடந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியும். அம்மா போன புதிதில் அந்தச் செல்கள் சுணங்கிச் சுணங்கிச் சாகக் கிடந்ததே, பிறகு திடீரென்று மளமளவென்று வளர்ந்ததே? அப்பா லேபிலிருந்து போன் பண்ணி, அக்கா, அவ பிடிச்சுக்கிட்டா, இனிமே பயமில்லை என்று சொன்னார். வரும்போது கை நிறைய இனிப்பு வாங்கி வந்தார். அம்மா செத்தபிறகு அன்றைக்குத்தான் நீ வாய்விட்டுச் சிரித்தாய். அன்றைக்குத்தான் அவள் முழுசாகப் போயிருக்கிறாள்.

சேதி கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். பாவி நான், என்ன செய்ய. கணக்கில் கோட்டை விட்டதையும், கூடப் படித்த அந்தச் சுருட்டைமுடிக்காரன் கதையையும் ஊர் பேர் தெரியாத ஆம்பளையிடம் போய் இந்தப் பெண் கொட்டியிருக்கிறதே என்று தோன்றிவிட்டது. அப்புறம் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாளே அவர் பழைய கட்டுரைகள் எல்லாம் தப்பு என்று பத்திரிகைகளுக்கு எழுதிப் போட்டுவிட்டார். அதில் அவர் நெஞ்சு நிமிர்த்தியே நின்றார். அந்தக் குடுவைகளையும் அன்றைக்கே கொட்டிவிடுவார் என்று நினைத்தேன். கொட்டவில்லை. இன்னமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். யாருக்கு என்று கேட்டேன். வந்தவர் பட்டினி கிடக்க வேண்டாமே என்றார்.

வந்தவர். அப்படித்தான் சொல்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் மேசையில் மூன்று தட்டு. எதிரில் உன் அம்மாவின் நாற்காலி, அதன் முன்னால் கழுவித் துடைத்த தட்டு, பக்கத்தில் தண்ணீர். மாப்பிள்ளை, விருந்தாளி யாராவது வருகிறார்களா என்றேன். வந்தாச்சே அக்கா என்று குழம்பை ஊற்றிக்கொண்டார்.  அன்றிலிருந்து தினமும் மூன்று தட்டு. முன்னறையில் ஆளில்லாத நாற்காலிக்கு ஃபேன் ஓடுகிறது. நான் நிறுத்திவிட்டு வருவேன், திரும்பிப் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், அவர் எப்பவும் சூட்டிலேயே இருக்கிறவர், பாவம், கொஞ்சம் காத்தாடட்டும் என்கிறார். இன்குபேட்டர் நம் உடம்புச் சூட்டில்தானே இருக்கும், அதைச் சொல்கிறார்.

உன் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பதறாதே. வகுப்பு எடுக்கிறார், கணக்கு வழக்கு சரியாகப் பார்க்கிறார், எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து மறக்காமல் போடுகிறார். பிசகுகிறது என்றால் எனக்கும்தான் பிசகுகிறது. போன வாரம் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவள், அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, கொஞ்சம் காலை நகர்த்துங்க என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். 

அந்த வந்தவர் யார் என்று தெரிந்தால் இந்தப் பயம் தெளியும் என்று, புத்தகத்தைப் போட்டுவிட்டு அவரைத் தேட ஆரம்பித்தேன். என் தொழிலே அதுதானே. அந்தச் செல்லை முதலில் வளர்த்தவர்கள் எழுதிய பழைய கட்டுரை கிடைத்தது. சுமார் நாற்பது வயது, மூட்டை தூக்குகிறவர், சேர்த்த வாரமே இறந்தார். அவ்வளவுதான். பேர் இல்லை. அவரைக் கேட்டு எடுத்ததாக ஒரு வார்த்தை இல்லை. அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் வீட்டம்மாவுக்கு இவர் இன்னும் இருக்கிறார்னு தெரிஞ்சிருக்குமா அக்கா என்று கேட்டார்.  பேர் தெரியாதவர்கள் ஆயிரம் பேரோடு பழகியவள் நான். யாரும் இதுவரை வீட்டுக்குச் சாப்பிட வந்ததில்லை.

ஒரு நாள் நானும் உன் அப்பாவோடு லேபுக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை, இன்குபேட்டர் பெட்டியின் முனகல், உன் ஸ்டூல் அதே மூலையில். மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஒன்றோடொன்று ஒட்டி, இடுக்கு விடாமல், ஒரே கூட்டம். எனக்கென்னவோ அத்தனையும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. கோபமாக இல்லை. எதையோ கேட்க வந்தவர்கள்போல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சோதனைக்கு அனுப்பாமல் இன்னும் ஒரு குப்பி மிச்சம் இருக்கிறது. உன் அம்மா உயிரோடு இருந்தபோதே, அவள் லேபைப் பார்க்க வந்த அன்று உறைய வைத்தது. தொட்டால் கடிக்கும் என்று அவளே சீட்டில் எழுதி ஒட்டினாள். நைட்ரஜன் தொட்டியின் அடியில் கிடக்கிறது. இதுவரை திறந்ததே இல்லை. அதற்குள் இருப்பது அவளாக இருக்கலாம். இல்லை, நமக்குத் தெரியாமல் அப்போதே ஒரு சொட்டு விழுந்திருந்தால் அதுவும் வந்தவராக இருக்கலாம். உருக்கினால்தான் தெரியும். இருப்பது கொஞ்சம், ஒரு தடவை உருக்கினால் மறுபடி உறைய வைக்கத் தாங்காதாம். பிழைத்தால் உண்டு, இல்லையென்றால் அதுவும் போச்சு. உன் அப்பா தினமும் அந்தத் தொட்டியின் மூடியைத் திறக்கிறார், புகை வருகிறது, மூடிவிடுகிறார். தொட்டியைக் காக்கிற பையன் அழாத குறையாக என்னிடம் சொன்னான்.

பெண் என்று வந்தால் மட்டும் போதாதாம், அவள்தான் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் அவளுடையது எதையும் வைத்திருக்கவில்லை. என் எச்சிலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா தங்கைக்குள் எவ்வளவு பொதுவாக இருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, பெத்த பிள்ளைன்னா பாதி நிச்சயம் என்றார். சொல்லிவிட்டு ஒரு குழாயில் பஞ்சு சுற்றிய குச்சியைப் போட்டு மூடி என் கையில் கொடுத்தார். வாண்டு கன்னத்துக்கு உள்பக்கம் தேய்ச்சு அனுப்பச் சொல்லுங்க என்றார். கூட இரண்டு வரி நீங்களே எழுதுங்கள் மாப்பிள்ளை என்றேன். உட்கார்ந்தார், எழுந்தார், முடியவில்லை. உன்னிடம் அவரால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லையாம். அம்மா என்று சொல்லி இத்தனை வருஷம் குழந்தையை யார்கிட்டயோ கூட்டிட்டுப் போயிருக்கேனே என்று அழுதார். அவள் செத்த அன்றுகூட அந்த மனுஷன் இப்படி அழவில்லை. நீங்களே எழுதுங்க அக்கா என்றுவிட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் அந்தக் குச்சி இந்த உறைக்குள் இல்லை. உதறிப் பார்க்காதே, நான் வைக்கவில்லை. அது என் கைப்பையில் இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறதடி. நீ தபாலில் அனுப்பினால் அவர் அன்றைக்கே குப்பியைத் திறந்துவிடுவார். உள்ளே அவள் இல்லையென்றால் இந்த மனுஷனை என் ஒருத்தியால் தாங்கிப் பிடிக்க முடியாது. உள்ளே அவள் இருந்தால் இன்னும் பயம். மறுபடி அந்தப் பெட்டியே கதி என்று போய்விடுவார், மிச்ச ஆயுசும் அங்கேயே கரையும். திறக்காதீர்கள் என்று சொல்லவும் எனக்கு நா வரவில்லை. அது உன் அப்பாவும் நீயும் தீர்க்க வேண்டியது.

குளிர்காலத்துக்கு முன்னால் கடைசி விமானம் ஒன்று இருக்கிறது என்றாயே, அதில் ஏறு. உன் ஐஸ் எங்கேயும் ஓடிப்போகாது. திறப்பதோ, வேண்டாம் என்பதோ, நீ பக்கத்தில் இருக்கும்போது நடக்கட்டும். குச்சியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ தேய்க்க வேண்டாம், நானும் தேய்க்கமாட்டேன். அவரே எடுக்கட்டும்.  அதற்கு அவர் உன் முகத்தைக் கையில் பிடித்துத்தானே ஆக வேண்டும்.

நல்லபடியாக வந்து சேர், என் கண்ணே. வழியெல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் வரவையே எதிர்பார்த்திருக்கும்,
பெரியம்மா