நோன்பில்லாத ஒரு நாக்கு

தாராவி,
இருபத்திமூன்றாம் நோன்பு, லுஹர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகள் ஆஸியாவுக்கு உன் வாப்பா அப்துல் ஹாதி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் மஸ்கட்டில் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் உம்மா சுகம், அவள் மூட்டுவலியும் சுகம், இரண்டும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிவதாக இல்லை. உன் தம்பி ஷாகிர் அம்பர்நாத் கம்பெனியிலிருந்து திரும்பும்போது பாதி நாள் ரயிலிலேயே நோன்பு திறக்கிறான், பேரீச்சம்பழ டப்பாவை நீட்டினால் கூட நிற்கிற மராத்திக்காரர்களும் ஒன்று எடுத்துக்கொள்கிறார்களாம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. நீ போன் போட்டுக் கஞ்சி விஷயம் கேட்டபோதெல்லாம், ஒன்றுமில்லை, நாலு பேருக்கு வயிற்றைக் கலக்கியது, சரியாகிவிட்டது என்று சொல்லி உம்மாவிடம் போனைத் தள்ளிவிட்டேன். வெட்கம்தான் காரணம். முகம் பார்த்துப் பேசுகிற போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஜஹாங்கீர் லீவு முடிந்து சனிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தமிழ் வாசிக்க உனக்குத் தடுமாறும், எழுத்துக்கூட்டியாவது நீயே வாசி, மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

இந்த வருடம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, பேக் பட்டறையை மதியத்தோடு மூடிவிட்டு அடுப்படியே கதி என்று கிடந்தேன். புது செக்ரட்டரி அப்ரார் படித்த பையன், ஓடியாடி வேலை செய்கிறவன். சமையல்காரர்களுக்குக் கையுறை, தலைக்கு வலைத்தொப்பி, பள்ளிவாசல் பெயர் அச்சடித்த பாக்கெட் என்று எல்லாம் வாங்கிப் போட்டான். தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற வழக்கம் இனி இல்லை, வீட்டுக்கு வீடு பாக்கெட் போகும் என்றான், எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதைச் சொன்ன கமிட்டிக் கூட்டத்திலேயே பூதத்தான் அண்ணாச்சி பேச்சும் வந்தது. நீ சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்ததுதானே, நாமெல்லாம் நோன்பு பிடித்திருப்போம், உப்பு பார்க்க ஆள் வேண்டாமா, அதற்காக மதியம் இரண்டு மணிக்கு அண்ணாச்சி தன் இஸ்திரிக் கடையை அப்படியே போட்டுவிட்டு, வீட்டு எவர்சில்வர் டம்ளரோடு வருவார், ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு உப்பு, உறைப்பு சொல்வார், பிறகுதான் கஞ்சி இறங்கும். அப்ரார், சாச்சா, வெளி ஆளு கிச்சனுக்குள்ள வேணாம், ஹைஜீன் பாக்கணும்ல, எவனாச்சும் வீடியோ எடுத்துப் போட்டா லஃப்டா ஆயிடும் என்றான். அவன் சுத்தத்தைத்தான் நினைத்தான். ஆனால் மூலையிலிருந்து ஒருத்தர், நம்ம கஞ்சிக்கு நம்ம ஆளு போதாதா என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன் ஆஸியா.

முதல் நோன்பன்று வழக்கம்போல அண்ணாச்சி டம்ளரோடு வந்துவிட்டார். அவரை வாசலிலேயே நிறுத்தியதும் நான்தான். இந்த வருசம் வேண்டாம் அண்ணாச்சி, ரூல்ஸ் மாத்திட்டாங்க என்றேன். மாத்திட்டாங்க என்றேனே தவிர மாத்திட்டோம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவர், சரி பாய், ரூல்ஸுன்னா ரூல்ஸுதானே, நல்லதுக்குத்தான இருக்கும் என்று சொல்லி, கழுவிக் கொண்டுவந்த டம்ளரைத் தோள் துண்டால் இன்னொரு முறை துடைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து உப்பெல்லாம் கைக்கணக்கில் போட்டோம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அதனால் எனக்கும் அந்த முகம் மறந்துபோயிற்று.

பதினேழாம் நோன்பு பத்ருப் போர் நினைவு நாள் என்பதால் அன்று கறி போட்ட கஞ்சி, இரண்டு தேக்சாப் பாத்திரம் கூடுதல். நமது கிரைண்டர் முந்தின நாள்தான் புகைந்து நின்றிருந்தது. தேங்காய்ப்பாலை மாட்டுங்கா பக்கம் ஒரு கடையில் அரைத்து வாங்கிவிடலாம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். காலையில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் டெம்போவில் வந்து இறங்கியது, அடுப்படி வெக்கையிலேயே மதியம் வரை கிடந்தது. பனிக்கட்டி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, எப்போதும் அரைத்த கையோடு ஊற்றித்தானே பழக்கம். தேங்காய்ப்பால் கடைசியில்தான் போகும், ஊற்றியபின் கொதிக்க விட மாட்டோம், திரிந்துவிடும். ஊற்றும்போது மூக்கில் என்னவோ பட்டது. சமையல்காரர் ஹமீதும், பாய், வாசம் ஒரு மாதிரியா இருக்கே என்றார். நோன்பாளி மூக்குக்கு எல்லாம் ஒரு மாதிரியாத்தான் இருக்கும், இறக்குங்க, நேரமாச்சு என்றேன். டிரம் புதுசு, பிளாஸ்டிக் வாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுடச்சுடக் கட்டி அடுக்கிய பாக்கெட்டுகள் அஸர் தொழுகை முடிந்ததும் சந்து சந்தாகப் போய்விட்டன. அண்ணாச்சி வீட்டுக்கும் ஒன்று போயிற்று, வருடா வருடம் போவதுதான், அவர் வீட்டுப் பேராச்சி பெரியம்மாவுக்குக் கஞ்சி என்றால் உயிராயிற்றே.

நோன்பு திறக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கும், அண்ணாச்சி பிரித்த பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி பள்ளிவாசல் வாசலுக்கு ஓடிவந்தார். உள்ளே வரவில்லை, படிக்கு வெளியே நின்றே, பாய், காறல் அடிக்கி, நான் துப்பிட்டேன், அவ ஒரு டம்ளர் முழுசா குடிச்சுட்டா, யாரையும் குடிக்க விடாதிய என்று கத்தினார். கமிட்டிக்காரர்கள் கூடிவிட்டோம். நடுவில் பாக்கெட் இருக்கிறது, சுற்றி நாங்கள் நிற்கிறோம், அத்தனை பேரும் நோன்பு, யார் வாயில் வைப்பது? தேவைக்கு நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்று ஆலிம்சா பயான் பேசும்போது எத்தனை முறை சொல்லியிருக்கிறார், ஆனாலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அப்ரார்தான் விரலால் தொட்டு வைத்தான், உடனே துப்பினான், பையன் முகம் வெளுத்துவிட்டது. இதற்குப் பெரிய ருசி தெரிந்த ஆள் யாரும் தேவையில்லை ஆஸியா, நோன்பில்லாத ஒரு நாக்கு போதும். அதைத்தான் நாங்கள் வேண்டாம் என்று அனுப்பியிருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்குக் கூசுகிறது. போன வருடம் உங்கள் பால் கம்பெனியில் எங்கோ ஒரு ஆளுக்கு வயிறு சரியில்லை என்றதும் கடை கடையாகப் போய்த் தயிரைத் திரும்ப வாங்கிக் கொட்டினார்கள் என்று நீ சொன்னாய். அல்லாஹ் கொடுத்த ரிஸ்கை, தின்கிற பொருளை, லாரி லாரியாகக் கொட்டுகிற கம்பெனி உருப்படுமா என்று நான் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, வாப்பா, எங்க லேப்ல மொதல்ல போன், அப்புறம்தான் மீட்டிங் என்றாய். எனக்கு அது அப்போதே நினைவுக்கு வந்தது. வந்தும் என்ன, நாங்கள் மீட்டிங்தான் போட்டோம். பள்ளிவாசல் வெளி மைக்கைப் போலீஸ் கழற்றச் சொன்னதிலிருந்து அது இப்போது இல்லை, வாட்ஸப்பில்தான் போட வேண்டும், அதில் என்னவென்று போடுவது, கஞ்சி கெட்டது என்று போட்டால் பள்ளிவாசல் பெயர் என்னாவது, சில காரணங்களால் என்று போடலாமா, மேல்சந்துக்காரர்கள் நாளைக்கு என்ன பேசுவார்கள், இப்படியே பேச்சு வளர்ந்தது. பொறுப்பு என் பெயரில் இருந்தது. எழுந்து வாசலுக்கு வந்து நாலு குரல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். நான் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே சத்தம் கேட்டுத்தான் ஓடினோம். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணாச்சி பொறுக்க மாட்டாமல் தானே சந்துக்குள் இறங்கி, கஞ்சியக் குடிக்காதிய, கஞ்சியக் குடிக்காதிய என்று கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். நமது சந்தில் அவரைத் தெரியும். அடுத்த சந்தில் புதிதாக வந்த பையன்களுக்குத் தெரியாது. நெற்றியில் திருநீறோடு ஒருத்தர் வந்து நோன்பாளி வீட்டில் கஞ்சி குடிக்காதே என்று சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள். சட்டையைப் பிடித்துவிட்டார்கள். நான் போகும்போது சட்டைப்பை கிழிந்து தொங்குகிறது, ஒருத்தன், கோன் பேஜா துஜே, யாரு அனுப்புனா, சொல்லு என்று உலுக்குகிறான், அவர் அப்போதும், குடிக்காதிய தம்பி, பொறவு என்ன அடிச்சுக்கிடுங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சட்டை தேய்த்துக் கொடுக்கிற மனிதர், அவர் சட்டை அந்தக் கோலத்தில். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. அவரை விடுங்க, அவர் சொல்றது நெசம், கஞ்சியக் கெடுத்தது நாங்க, பொறுப்பு நான், யாரும் குடிக்காதீங்க என்று கத்தினேன். அதன் பிறகு அப்ராரும் அந்தப் பையன்களும் ஆளுக்கொரு சந்தாக ஓடினார்கள். பாக்கெட்டுகள் கோணி கோணியாகத் திரும்பி வந்தன, சாக்கடையில் கொட்டிய வாடை மறுநாளும் போகவில்லை. எல்லோரும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார்கள், என்னை யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முந்திக் குடித்தவர்கள் சின்னப் பிள்ளைகளும், நோன்பில்லாத வீட்டுக்காரர்களும்தான். இருபது பேருக்கு மேல் வாந்தி. பிள்ளைகள் மறுநாளே தெளிந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். பெரியம்மாவுக்குத்தான் ஏற்கனவே சர்க்கரை, மயங்கியே விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள், சிறுநீரகம் தாங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உம்மா உன் தம்பியைப் பெற ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னை இடுப்பை விட்டு இறக்காமல் பார்த்துக்கொண்டவர், அவரை நான் கஞ்சி கொடுத்துக் கொன்றேன் என்று ஆகிவிடுமோ என்று அந்த வராந்தாவில் ஓதாத துஆ இல்லை. அல்லாஹ் காப்பாற்றினான், முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டார். முனிசிபாலிட்டிக்காரர்களும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். கஞ்சி மறுபடி தொடங்கியாயிற்று, கிரைண்டரைச் சரி செய்து, அரைத்த உடனே ஊற்றுகிறோம். நானும் அப்ராரும் போய்க் கூப்பிட்டோம், அண்ணாச்சி டம்ளரோடு வருகிறார். என்னிடம் மட்டும் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நேற்று பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்தபடி அண்ணாச்சியைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். இருவது வருசமா உப்பு பாக்கப் போற மனுசன், அன்னைக்கு மட்டும் இஸ்திரிப் பெட்டியக் கட்டிப் புடிச்சுட்டு கெடந்தியளே, நீங்க போயிருந்தா எனக்கு இந்தப் பாடு வருமா, ஊருப் புள்ளைகளுக்கு வருமா, தம்பி மொகத்துல எப்பிடி முழிக்கிய என்று என்னைக் காட்டிக் கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. முதல் நோன்பில் நான் வாசலில் நிறுத்தியதை அண்ணாச்சி வீட்டில் சொல்லவேயில்லை. தினமும் இரண்டு மணிக்கு டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பி, எங்கேயோ டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பள்ளிவாசல்காரர்கள் தன் புருஷனைத் திருப்பி அனுப்பினார்கள் என்று தெரிந்தால் பேராச்சி மதினி மனம் எப்படி ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ. பதினேழாம் நாளுக்கு மட்டும், துணி நெறைய இருந்துச்சு, போவ முடியல என்று பழியைத் தானே ஏற்றுக்கொண்டுவிட்டார். மதினி திட்டத் திட்ட அவர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் ஒரே ஒரு முறை பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். மதினி என்னிடம், நீங்க மனசுல வச்சுக்கிடாதிய தம்பி, இவுக மறந்துட்டாக என்று எனக்கே சமாதானம் சொன்னார். நான் அந்த வீட்டு டீயைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மதினி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கூட்டத்தில் வாயை மூடியிருந்தேன், வாசலில் பொய் சொன்னேன், பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தேன், அதையெல்லாம் விட நேற்று குடித்த அந்த டீதான் எனக்குத் தொண்டையிலேயே நிற்கிறது.

உம்மா உனக்குப் பருப்புப் பொடியும் கருவேப்பிலைப் பொடியும் இடித்து வைத்திருக்கிறாள். இப்போதைக்கு எந்தத் தின்பண்டமும் அனுப்ப வேண்டாம் என்றேன், கஞ்சியக் கெடுத்தது நீங்க, என் பொடி என்ன பாவம் பண்ணுச்சு என்று சண்டைக்கு வந்துவிட்டாள், ஆகையால் ஜஹாங்கீர் கொண்டுவருவான். பிரித்ததும் முகர்ந்து பார், சந்தேகம் என்றால் கொட்டிவிடு, வாப்பா இனி ஒன்றும் சொல்ல மாட்டேன். வேலை வேலை என்று ஸஹர் சாப்பாட்டை விட்டுவிடாதே. பேத்திக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடு. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் ஹலாலான ரிஸ்கும் யார் முன்னாலும் தலை குனியாத வாழ்வும் தரட்டும்.

மறக்காமல் ஒரு காரியம் செய். ஜஹாங்கீர் சனிக்கிழமைதான் விமானம் ஏறுகிறான், அதற்குள் பெரியம்மா முன்னால் உட்கார்ந்து உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நினைப்பதெல்லாம் செய்கிற ஆள் இல்லை உன் வாப்பா என்பது இதை வாசித்த உனக்கு இப்போது தெரியும். அதனால் வாசித்து முடித்த கையோடு பெரியம்மாவுக்குப் போன் போடு, பெரியப்பாவை இன்னும் திட்டுகிறீர்களா என்று மட்டும் கேள். ஆமாம் என்று சொன்னால், நான் மறுபடியும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். அப்போது நீயே சொல்லிவிடு மகளே, எனக்காகப் பார்க்காதே.

உன் துஆவை எதிர்பார்த்திருக்கும்
வாப்பா,
அப்துல் ஹாதி.