பரமேஸ் அக்காவின் மூன்றாவது பரீட்சை

12.08.2004, வியாழன்

பரமேஸ் அக்காவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதை இன்றும் எங்கள் அலுவலகப் பொறுப்பாளரிடம் நான் சொல்லவில்லை. சண்டைக்காலத்தில் பக்கத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அப்படித்தான். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். வவுனியாவில் நடந்த பயிற்சி வகுப்புகளின் பரீட்சையில் இரண்டு தடவை தவறிவிட்டார். மூன்றாவதும் தவறினால் எப்படியும் வேலை போகும். இந்தத் தடவை பயிற்சியும் பரீட்சையும் கிளிநொச்சி அலுவலகத்திலேயே, இணையத்தில். எனக்கும் இன்று அதே பரீட்சைதான்.

“பரமேஸ், நேரில சொல்லியே உமக்கு விளங்கேல்லை. உந்தக் கொம்பியூட்டர் என்னத்தை விளங்கப்படுத்தப்போகுது?” என்று பொறுப்பாளர் சிரித்தார். அவருக்குக் காது கேட்காத விஷயம் எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

பாடம் முழுவதும் எழுத்தில் இருந்தது. அக்கா ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தார். விளங்காததைத் திரும்ப வாசித்தார். “இப்பதான் பிள்ளை, வாத்தியார் எனக்குக் கேக்கிறமாதிரிக் கதைக்கிறார்” என்றார்.

பின்னேரம் முடிவு வந்தது. அக்கா சித்தியடைந்துவிட்டார். அவரையே பார்த்துக்கொண்டிருந்த நான்தான் தவறிவிட்டேன்; நாளைக்குத் திரும்ப எழுத வேண்டும்.