வங்கக் கடலில் ஒரு பென்சில் புள்ளி

இன்று காலை மலாக்காவின் தெங்கேராப் பக்கம் ஒரு கடையில் முகம் மழித்துக்கொண்டேன். படிகாரத்தைக் கன்னத்தில் தேய்த்தபோது சுரீரென்றது. மற்றபடி ஒன்றுமில்லை. கடைக்காரர் என்னிடம் எதையுமே கேட்கவில்லை.

நீ கேட்பாய். காஜா பேராங் தெருவில் உன் முடிதிருத்தும் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் உலகத்தைத் தெரிந்துகொண்டுதான் வெளியேறினார்கள். சவரக் கத்தி தொண்டையில் இருக்கும்போது, "பெரு நாட்டுக்குத் தலைநகரம் எதுண்ணே?" என்பாய். விடை வராவிட்டால் கத்தி நின்றுவிடும். "லீமாண்ணே. இதுகூடத் தெரியாம பாதித் தாடியோட போறீங்களா?" அந்த நிலையில் உன்னோடு வாதாடியவர் எவருமில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த பிறகு நீ குடியுரிமைக்கு மனுப் போட்டாய். உன்னைத் தெரிந்தவன் என்று சாட்சி சொல்ல நான் வந்தேன். நீ கப்பலில் பிறந்தவன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரும் வழியில், மூன்றாம் நாள். கப்பலின் வேகத்தைக் கணக்கிட்டு, அட்லசில் வங்கக் கடலின் நடுவே பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்திருந்தாய்.

"மலாக்கான்னு சொல்லிடு லா. இங்க பொறந்தவனுக்குக் குடியுரிமை உடனே கெடச்சிரும். யாரு கடல்ல போய்ப் பார்க்கப் போறா?" என்றேன், வழியில்.

"அது தப்புடா. நானே தப்பாச் சொன்னா அப்புறம் எவன்கிட்ட கேள்வி கேக்குறது?"

குடியுரிமை அலுவலகத்தில் அதிகாரி மலாயில் கேட்டார், எங்கே பிறந்தாய் என்று. "கடலில், துவான்," என்றாய் மரியாதையாக. அட்சரேகை எத்தனை பாகை என்றும் சொன்னாய். விண்ணப்பப் பாரத்தில் கடலுக்கு இடமில்லை என்றார் அவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவர் மலாக்காவில்தானே பிறந்தார்?"

நல்ல மனிதர். நான் தலையை ஆட்டியிருந்தால் எழுதியிருப்பார். நீயும் என்னைப் பார்த்தாய், கத்தியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு பார்ப்பதுபோல.

"தெரியாது, துவான்," என்றேன்.

கோப்பு மூடப்பட்டது; மனு அதோடு முடிந்தது. படியிறங்கும்போது, "தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னுட்ட. இதுக்கு மார்க் கிடையாது," என்றாய். கோபமில்லாமல்தான் சொன்னாய். உலகத்துத் தலைநகரங்கள் எல்லாம் தெரிந்த நீ, கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையோடு இருந்தாய்.

போன மாதம் உன் இறப்பைப் பதியவும் நான்தான் போனேன். உனக்கு வேறு ஆளில்லை. குமாஸ்தா பிறந்த இடத்தைக் கேட்டார்.

"மலாக்கா," என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது. அவர் கொடுத்த இறப்புச் சான்றிதழ்த் தாளை மடித்து, குடிமகனுக்கான என் நீல அட்டையோடு சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் வரவில்லை. தாள்தான் இருக்கிறது.