ஒன்பதாவது இலக்கம்

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா?

எனக்கு என்ன வேலையென்று உன் அண்ணன் கேட்டாராமே. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்கண்ணாடி ஓரத்தில் பொடிப்பொடியாக எழுத்தும் எண்ணுமாய்ப் பதினேழு இருக்கும். அதைப் படித்து, எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை என்று சொல்ல வேண்டும். அதில் ஒன்பதாவது இலக்கம் உன்னைப் போல. மற்றதில் எது பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

நேற்று மூன்றை எட்டு என்று படித்துவிட்டேன். கணினி ஏற்கவில்லை. "காரை அப்புறம் பாரு, முதல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுய்யா" என்று சூப்பர்வைசர் சிரித்தார். இங்கே வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று: அடுத்த கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுது. போன கடிதத்தை அறையில் கூட இருப்பவர்தான் வாசித்துக் காட்டினார். நல்ல மனுஷன்தான். ஆனால் எனக்கென்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்.