சாடு என்றால் குதி

அன்புக்கும் கோபத்துக்கும் இன்னும் உரியவரான மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். மோட்சத்தில் கடல் இருந்தால் சுகமாக இருப்பீர்கள். ஏரிதான் இருக்கிறது என்றால் இந்நேரம் யாரையாவது பிடித்துத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். நாளைக்கு உங்களுக்கு முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. மாமி மட்டும் இந்த ஒரு வருடமாக என்னோடு பேசவில்லை. சண்டை ஒன்றுமில்லை. சோறு போட்டு வைப்பார், என் துணியும் சேர்த்துத் துவைப்பார், வாய் மட்டும் திறக்கமாட்டார். அன்றைக்குப் படகிலிருந்து கடைசியாகக் கரைக்கு வந்தவள் நான் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பயணத்தை நானா கேட்டேன்? குளச்சலில் பிறந்து கடலில் வள்ளம் ஓட்டிய மனிதர், முட்டுவலி வந்ததும் மாமியின் ஊருக்கு வந்து பேச்சிப்பாறை அணையில் மோட்டார் படகு ஓட்டினீர்கள். அக்கரையில் ரப்பர் பால் வெட்டும் பெண்களை ஏற்றி இறக்குவது வேலை. அவ்வளவு பெரிய அணை உங்கள் வாயில் வெறும் குளம். திருச்சிப் பெண் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாளே, குளத்தைச் சுற்றிக் காட்டிவிடலாம் என்று கூட்டிப் போனீர்கள்.

போகும்போது கண்ணாடி மாதிரி இருந்தது தண்ணீர். மலை தலைகீழாகத் தெரிந்தது. நான் போட்டோ எடுத்து உங்கள் மகனுக்கு அனுப்பினேன். மத்தியானம் பால்வெட்டுப் பெண்கள் ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாதி வழியில் மலைப் பக்கமிருந்து காற்று விழுந்தது.

அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. மழை கல்லை வாரி எறிவது போல முகத்தில் அடித்தது. சாப்பாட்டுத் தூக்குகள் பறந்தன. ஒரு பெண்ணின் நெற்றி படகின் விளிம்பில் மோதிக் கிழிந்து, ரத்தம் என் சேலையெல்லாம் தெறித்தது. படகின் முன்பக்கம் எழும்பி எழும்பிப் பலகை பிளக்க அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் என் பல் நாக்கைக் கடித்தது.

லீலா என்ற பெண் கரைக்கு விடச் சொல்லிக் கத்தினாள். நீங்கள் கேட்கவில்லை. காற்று வந்தால் கரையை விட்டு விலகு என்பது கடல்காரர்களின் புத்தி. கரையில்தானே அலை உடையும். அதே புத்தியில் நடு ஏரிக்குத் திருப்பினீர்கள். கடல் அலைக்கு ஒரு போக்கு உண்டு என்று நீங்களே சொல்வீர்கள். இந்தக் குளத்து அலைக்குப் போக்கும் இல்லை, முறையும் இல்லை, நாலு பக்கமிருந்தும் அடித்தது. ஒரு அலை உள்ளே விழுந்தது. எஞ்சின் செத்தது.

அதன் பிறகு காற்று எங்களைக் கரைப் பாறைகளை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. பாறைக்கு இந்தப் பக்கம், தண்ணீருக்குள் ஒரு பட்ட மரம் நின்றது. அதை எட்டிக் கட்டிப்பிடித்தீர்கள். காலைப் படகின் குறுக்குப் பலகையில் மாட்டி, படகு பாறைக்குப் போகாமல் உடம்பாலேயே நிறுத்தினீர்கள். கையில் தோல் உரிந்ததைப் பார்த்தேன்.

"சாடுங்க! எல்லாரும் சாடுங்க!"

பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தண்ணீரில் போனார்கள். இடுப்பளவு ஆழம்தான், கரை பத்தடியில் இருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் சாடுவது பேப்பரில் அரசியல்வாதிகள் செய்கிற வேலை. ஆளுங்கட்சியை எதிர்க்கட்சி சாடும். நீங்கள் காற்றையோ கடவுளையோ திட்டுகிறீர்கள் என்றுதான் பட்டது. பெண்கள் தவறி விழுகிறார்கள் என்று நினைத்து, பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஏன் மாமா, "குதி" என்று ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? தினமும் ராத்திரி டிவியில் தமிழ் சினிமா பார்த்தவர்தானே நீங்கள்?

மரத்திலிருந்து ஒரு கையை எடுத்தீர்கள். அந்தக் கையால் என் கன்னத்தில் அறைந்தீர்கள். காது அடைத்துப்போனது. முடியைக் கொத்தாகப் பிடித்து, சாக்கு மூட்டையை எறிவது போல என்னைத் தண்ணீரில் எறிந்தீர்கள். என் அப்பாகூட என்னை அடித்ததில்லை. நான் எழுந்து நின்று, உங்களைக் கேட்காமல் விடுவதில்லை என்றுதான் திரும்பினேன். ஒற்றைக் கைப் பிடி விட்டுப்போயிருந்தது. படகு பாறையில் அறைந்தது. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தீர்கள்.

அடக்கத்தன்று ஃபாதர், நீங்கள் இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனதாகப் பிரசங்கம் வைத்தார். யார் சொன்னார்களோ. காற்றில் கடைசிப் பேச்சைக் கேட்டவள் நான் ஒருத்திதான். கேட்டவர்களிடம் எல்லாம், காற்றுச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

இன்று காலையில் மாட்டிக்கொண்டேன். ஜங்ஷனில் ஒட்ட நினைவஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுக்க வேண்டுமாம். உங்கள் போட்டோ, ரோஜாப்பூ, கீழே "இயேசுவே என்றழைத்து இறைவனடி சேர்ந்தார்" என்று ஒரு வரி. உங்கள் மகன் வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அப்படி அவர் எதுவும் சொல்லவில்லை என்றேன்.

வாசல் பக்கம் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த மாமியின் கை நின்றது. "பின்ன என்ன சொன்னாரு?"

ஒரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இதைச் சொன்னால் இந்த வீட்டில் எனக்கு இனி இடம் இல்லை என்று நினைத்தேன். சொல்லாமலும் முடியவில்லை.

"'ஏட்டி சவமே, சாடுட்டி'ன்னு சொல்லி அறைஞ்சாரு மாமி. முடியைப் பிடிச்சுத் தூக்கி எறிஞ்சாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

உயிரோடு இருக்கிறவளைச் சவம் என்றால் எங்கள் ஊரில் வெட்டுக்குத்து நடக்கும். உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டார். மாமி மீன் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பக்கத்தில் போனேன். சிரிக்கிறார், மாமா. சிரித்துச் சிரித்து, அதற்குப் பிறகுதான் அழுதார்.

"சவமேன்னா விளிச்சாரு? என்னைய கெட்டுன நாள்லேருந்து அப்படித்தான் விளிப்பாரு. பெத்த மக்களையும் அப்படித்தான். அன்னியத்துப் பிள்ளைய ஒருநாளும் அப்படி விளிக்க மாட்டாரு." முந்தானையில் முகத்தைத் துடைத்தார். "இயேசுவேன்னு சொல்லிச் செத்தாருன்னு எல்லாரும் சொல்லும்ப, இது ஆருக்க மாப்பிளயோன்னு இருந்து எனக்கு."

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி சவமே, இத ஏன் இவ்வளவு நாளா சொல்லாம வச்சிருந்த? அடுப்புல கரியுது, போய்ப் பாரு."

நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். குழம்பு அடிபிடித்துவிட்டது. அங்கேயே நின்று, நீங்கள் போன அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதேன்.

போஸ்டரில் உங்கள் பெயரும் போட்டோவும் மட்டும் போதும் என்று மாமி சொல்லிவிட்டார். நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்களைப் புனிதராக்க யாரையும் விடமாட்டேன். இனி எனக்குப் பிறக்கும் பிள்ளைகள் கேட்டால், தாத்தா என்னை அறைந்தார், கெட்ட வார்த்தை சொன்னார், அதனால்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்வேன். கோபம் ஆறும் என்று மட்டும் வாக்குத் தரமாட்டேன். குதி என்று சொல்லியிருந்தால் நாளைக்குப் பூசைக்கு நீங்களும் எங்களோடு வந்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுச் சவங்களில் ஒருத்தி,
மருமகள் ஸ்டெல்லா