கூண்டுக்குள் போகாத அண்ணாவுக்கு

என் ஆசை அண்ணா,

உங்களுடைய முப்பத்தோராம் நாள் காரியம் நேற்று வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் முடிந்தது. சாப்பாடு நன்றாக இருந்ததாம், எல்லோரும் சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை. வாசலில் கொடுத்த நினைவுப் புத்தகத்தை, உங்கள் கல்வெட்டைப் பிரித்துப் பார்த்த பிறகு எனக்குச் சோறு எப்படி இறங்கும்?

தேவாரம், வம்சாவளி, உங்கள் படம் எல்லாம் ஒழுங்கு. பின்பக்கத்தில் உங்கள் கட்டுரை. குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் என் குசினிக் கதிரையில் இருந்து நீங்கள் சொல்லச் சொல்ல நான் கம்பியூட்டரில் அடித்த அதே கட்டுரை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் கட்டிய போர்க்கப்பல்களில் கப்டனுக்கென்று வைத்த கவசக் கூண்டைப் பற்றியது. கப்பல் வரைபடம் கீறுகிற உத்தியோகம் பார்த்துப் பார்த்துப் பிடித்த பைத்தியம் என்று நான் பகிடி பண்ணுவேன். ஆனால் ஒரு வரி விடாமல் எனக்குப் பாடம்.

ஒரு அடி தடித்த உருக்குச் சுவர். வெளியே பார்க்க ஒடுங்கிய கீறல்கள் மட்டும். சண்டை தொடங்கினால் கப்டன் அதற்குள் போக வேண்டும். முதல் உலகப் போரில் கனபேர் போகவில்லை, சுற்றிவரத் தெரிகிற திறந்த மேல்தளத்திலேயே நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் பிரித்தானியர் முப்பதுகளில் புதுக் கப்பல்களுக்கு அந்தச் சுவரை மெலிதாக்கினார்கள். அமெரிக்கர் விடவில்லை. இரண்டு பக்க நியாயத்தையும் எழுதிவிட்டு, நீங்கள் யார் பக்கம் என்று கடைசிப் பந்தியில் சொன்னீர்கள்.

அந்தப் பந்தியைக் காணவில்லை. பிரித்தானியர் சுவரை மெலிதாக்கிய கதையும் இல்லை. அந்த இடத்தில், “கவசக் கூண்டுக்குள் பத்திரமாக இருந்தபடி கப்பலை நடத்தும் கப்டனைப் போல, அமரர் தம் குடும்பத்தைக் காத்தார்” என்று இருக்கிறது. உங்கள் பெயர் போட்ட கட்டுரையில்!

யாருடைய வேலை என்று கேட்கவே தேவையில்லை. கல்வெட்டை அச்சடிக்கப் பொறுப்பெடுத்தவர் அக்காவின் புருஷன், எங்கள் அத்தான். மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவருக்குக் கூச்சமே இல்லை.

“செத்தவீட்டுக் கல்வெட்டு பிள்ளை. அதுக்கை கப்பலை எப்பிடிக் கட்டினவங்கள் எண்டு ஆர் பாக்கப்போகினம்? நாலு நல்ல சொல்லுத்தானே வேணும்.”

“அண்ணா பாத்திருப்பார்,” என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். கோபத்தில் அழுகிற பழக்கம் இன்னும் போகவில்லை அண்ணா, அதுவும் எனக்குக் கோபம்.

கப்பல் பிழையை விடுங்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வீட்டில் இதே அத்தானும் எங்களோடுதானே இருந்தார்? நாங்கள் எல்லோரும் பின் அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டினோம். நீங்கள் மட்டும் ஒழுங்கை முனையில், தெரு முழுக்கத் தெரிகிற இடத்தில் போய் நின்றீர்கள். யன்னல் இடுக்கால் “உள்ளை வாடா, விசரா” என்று கூப்பிட்டவர் யார்? நீங்கள் வரவில்லை. வீடுகளுக்கு நெருப்பு வைத்துக்கொண்டு வந்த கும்பல் எங்கள் தெருவுக்குத் திரும்புவதை நீங்கள் கண்டபடியால்தான் எங்களுக்கு நேரம் கிடைத்தது. ஓடிவந்து கதவைத் தட்டி, ஒவ்வொருவராகப் பின்மதிலுக்கு மேலால் தூக்கி அந்தப் பக்கம் விட்டீர்கள். அத்தானையும் தூக்கினீர்கள். அந்த அறை எரிந்து முடிந்ததை அடுத்த நாள் எல்லோரும்தான் பார்த்தோம்.

அந்த மனிதர் இன்றைக்கு உங்களைக் கூண்டுக்குள் வைத்துக் கும்பிடுகிறார். மறந்துபோனாரா? இல்லை, தான் உள்ளே இருந்ததை நினைக்கப் பிடிக்கவில்லையா?

உங்களோடும் எனக்குக் கோபம். இதையெல்லாம் ஒரு நாளாவது வாய் திறந்து நாலு பேருக்கு முன்னால் சொன்னீர்களா? கப்பலைப் பற்றி என்றால் மணிக்கணக்காகக் கதைத்தீர்கள்.

மிஞ்சிய கல்வெட்டுகள் இப்போது என் கராஜுக்குள். வரமுடியாதவர்களுக்கு அனுப்ப வேண்டும், தா என்று அத்தான் காலையிலிருந்து போன் எடுக்கிறார். தரமாட்டேன். நீங்கள் சொன்ன பந்தியைத் திரும்ப அடித்து, ஒவ்வொன்றிலும் அவருடைய வரிக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். “பார்க்க முடியாத இடத்தில் கப்டனை நிறுத்திவிட்டு, அவனைக் காப்பாற்றினோம் என்று சொல்லக்கூடாது.” ஒட்டி முடிந்ததும் நானே தபாலில் போடுவேன்.

வருஷம் முடிய வருகிற ஆட்டத்திவசத்துக்கு எல்லோரும் திரும்பக் கூடுவார்கள். அன்றைக்கு அந்தப் பந்தியை எழும்பி நின்று வாசிப்பேன். பிறகு நீங்கள் சொல்லாமல் விட்ட ஒழுங்கைக் கதையையும் சொல்வேன், அத்தானை முன்வரிசைக் கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டு. இது சத்தியம் அண்ணா.

மதிலுக்கு மேலால் நீங்கள் கடைசியாகத் தூக்கிவிட்ட,
உங்கள் தங்கச்சி